பாலாற்றங்கரையில் சிவில் படிப்பவருக்குத் தண்ணீர்தான் முதல் பாடம்

மே மாதத்து வேலூர் வெயிலில் ரூஃப் காங்கிரீட் போடுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். மிக்ஸர் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். சாரத்தில் வரிசையாக நின்று ஆட்கள் சட்டி மாற்றுவார்கள். பத்தரை மணிக்கே கம்பியில் கை வைக்க முடியாது. மேலேயிருந்து மேஸ்திரி குரல் கொடுப்பார்: “தம்பி, கலவை இழுக்கல. ஒரு பக்கெட்டு தண்ணி உடச் சொல்லு.”

டிப்ளமோ முடித்த கையோடு காட்பாடிப் பக்கம் ஒரு கட்டட வேலையில் நான் அந்தத் தம்பியாக நின்றேன். சரி என்று தலையாட்டினேன். மதியத்துக்குள் எத்தனை பக்கெட் போனது என்று யாரும் எண்ணவில்லை. 28 நாள் கழித்து, அதே கலவையில் வார்த்து வைத்த சோதனைக் கட்டியான கியூபை உடைத்துப் பார்த்தால், பலம் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வர வேண்டிய இடத்தில் 17 வந்தது. அப்புறம் போட்ட தளத்தில் துளை போட்டு மாதிரி எடுத்தது, முட்டுக்கொடுத்த சென்ட்ரிங்கைப் பிரிக்காமல் வைத்திருந்தது, பணத்தை யார் தலையில் கட்டுவது என்ற பஞ்சாயத்து எல்லாம் நடந்தது. மூன்று வருடம் படித்ததைவிட அந்த ஒரு மாதத்தில் அதிகம் படித்தேன்.

கணக்கு ரொம்ப எளியது. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. சிமெண்டோடு வேதிவினையில் சேரும் தண்ணீர் அதன் எடையில் ஏறத்தாழ கால்பங்குதான். அதற்கு மேல் ஊற்றுவது பெரும்பாலும் கலவை ஓடுவதற்காக. காங்கிரீட் வேலைக்கான இந்திய விதித்தொகுப்பு ஐ.எஸ். 456, மிதமான சூழலில் இருக்கும் கம்பி காங்கிரீட்டுக்குத் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. அதாவது மூட்டைக்கு 25 லிட்டர். மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். அதன் மேல் ஒரு 10 லிட்டர் பக்கெட்டைக் கவிழ்த்தால் விகிதம் 0.7. வினைபுரியாத தண்ணீர் ஒருநாள் ஆவியாகிப் போகும், அது இருந்த இடம் நுண்துளையாக நிற்கும். பலம் குறைவது பாதிக் கதைதான். மழைத் தண்ணீர் அதே துளை வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது மீதிக் கதை. பத்து வருடத்தில் சீலிங் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரியும் வீடுகளை நம் தெருவிலேயே பார்க்கலாம்.

இதில் மேஸ்திரியை முட்டாள் என்று நினைப்பது புதிதாக வந்த பொறியாளர்கள் செய்யும் பெரிய தப்பு. வெயிலில் கலவை சீக்கிரம் இறுகுகிறது, கம்பி நெருக்கமாக இருக்கும் பீமுக்குள் இறங்கவில்லை, இறங்காவிட்டால் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். அவர் சொல்லும் பிரச்சினை உண்மை, தீர்வுதான் தப்பு. வேலையை விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பிப்பது, ஜல்லியை முதல்நாளே நனைத்து நிழலில் வைப்பது, கலவையை இளக வைக்கும் ரசாயனத்தை அளந்து சேர்ப்பது, கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஸ்லம்ப் கோன் என்ற கூம்பில் இறக்கம் பார்ப்பது, இதெல்லாம் சரியான தீர்வு. போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் அப்படித்தான். சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. வறண்ட வெயில் பிரதேசத்தில் அதற்கு 14 நாள் வரை நீட்டச் சொல்கிறது அதே ஐ.எஸ். 456. கலக்கும்போது தண்ணீர் குறைவாக, போட்டபின் தண்ணீர் தாராளமாக. நம் ஊரில் இரண்டும் தலைகீழாக நடக்கிறது.

சிவில் என்றால் சிமெண்டும் கம்பியும் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். பழைய வடஆற்காட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மண்ணில் சிவில் படிப்பு என்பது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய படிப்பு. கட்டடம் கெடுவதும், பாலம் சாய்வதும், மனை மூழ்குவதும், நிலத்தடி நீர் நஞ்சாவதும் தண்ணீரால். அதைப் புரிந்துகொண்டவர் நான்கு வருடத்தில் எந்தப் பாடத்தில் உட்கார வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதையே வேறு மாதிரி முடிவு செய்வார்.

நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடி, மொத்தம் 348 கிலோமீட்டரில் கடலைத் தொடுகிறது. ஓடுகிறது என்று எழுதக் கை கூசுகிறது. வருடத்தில் பல மாதம் அது மணல்வெளி, சில இடங்களில் அந்த மணலும் இல்லை. ஆற்றங்கரையில் இருக்கும் வேலூருக்குக் குடிக்க மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஆனால் 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டுப் போனது. வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனதாகக் கணக்கு. கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள்.

பெரியவர்கள் இதற்கு முன் சொல்லும் வெள்ளம் 1903 நவம்பரில் வந்தது. மேலே மைசூர் சமஸ்தானத்தில் ஏரி உடைந்து, வாணியம்பாடியில் சுமார் 200 பேரை அடித்துப் போனது. இந்த ‘ஏரி உடைந்து’ என்பதில்தான் பொறியியல் இருக்கிறது. நம் ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரி வழிந்தால், கீழ் ஏரிக்கு வரும், அது நிரம்பி அடுத்ததற்கு. ஏரி வழிவதற்கென்று கட்டிய கலங்கலின் நீளமும் உயரமும் சரியாக இருந்தால் உபரி அமைதியாக வழிந்து போகும். கலங்கல் குறுகினாலோ, கோடி வாய்க்காலில் வீடு கட்டினாலோ, தண்ணீர் கரை மேல் ஏறும். மண் கரை எத்தனை அகலமாக இருந்தாலும் அதன் தலைமேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அரித்துக்கொண்டு போய்விடும். ஒன்று உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் அடுத்த ஏரியின் மேல் ஒரே நேரத்தில் விழும், அந்த ஏரியின் கலங்கலோ அத்தனை தண்ணீருக்கு அளந்து கட்டியதல்ல. பல்லவர் காலத்திலேயே இங்கே ஏரி வெட்டியிருக்கிறார்கள். மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்த கோயிலின் கல்வெட்டே, அது மகேந்திர தடாகத்தின் கரையில் இருப்பதாகச் சொல்கிறது. 1,400 ஆண்டு பழைய நீரியல் வகுப்பறை பஸ் போகிற தூரத்தில் இருக்கும்போது, நீரியல் பாடத்தை வேறு மாநிலத்து அணையின் படத்தை வைத்து நடத்துவது எனக்குப் புரிவதில்லை.

அதே 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னை ஆற்றின் ரயில் பாலத்தில் சேதம் தெரிந்து, சென்னைக்கும் காட்பாடிக்கும் இடையில் பல ரயில்கள் நின்றன. வெள்ளத்தில் பாலத்துக்கு என்ன ஆபத்து என்று கேட்டால், தண்ணீர் தூணைத் தள்ளிவிடும் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். தள்ளுவதைவிடத் தோண்டுவதுதான் பெரிய ஆபத்து. தூணில் மோதும் நீரோட்டம் கீழ்நோக்கித் திரும்பி, தூணின் காலடி மணலைச் சுழற்றி எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் ஆற்றில் சாதாரணமாக எதிர்பார்க்கும் அரிப்பு ஆழத்தைப் போல் இரண்டு மடங்கைத் தூணுக்கு எடுத்துக்கொண்டு, அதற்கும் கீழே அஸ்திவாரத்தை இறக்க வேண்டும் என்பது பால வடிவமைப்பில் இருக்கும் விதி. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கூடுதல் தொல்லை உண்டு. மணல் அள்ளி ஆற்றுப் படுகையே தாழ்ந்துபோனால், பாலம் கட்டியவர் கணக்கிட்ட ஆழத்தில் ஒரு பங்கு வெள்ளம் வருவதற்கு முன்பே போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த முறை பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே எட்டிப் பாருங்கள். ஒரு காலத்தில் மணலுக்குள் புதைந்திருந்த அஸ்திவாரம் சில தூண்களில் வெளியே தெரியும்.

இன்னொரு சம்பவம். 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். சிவில் மாணவர் அங்கே நின்று ஒரு கணக்குப் போட வேண்டும். திரவத்தின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது. ஆகவே சுவரின் மேல் விழும் மொத்த விசை உயரத்தின் இருமடிப்படி ஏறும், சுவரைச் சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை மும்மடிப்படி ஏறும். ஆறடி தேங்கிய இடத்தில் பன்னிரண்டு அடி தேக்கினால் சுமை இரண்டு மடங்கு என்று கண் சொல்லும். தள்ளும் விசை நான்கு மடங்கு, சாய்க்கும் திருப்பம் எட்டு மடங்கு என்று கணக்கு சொல்லும். தண்ணீரைவிடக் கனமான சேறாக இருந்தால் இன்னும் அதிகம். திரவ இயக்கவியல் தாளில் இரண்டு மார்க் கேள்வியாக வந்து போகிற விஷயம் இது. வீட்டு சம்பிலிருந்து மலையடிவாரத் தடுப்புச் சுவர் வரை இதை மறந்து கட்டியவைதான் விழுகின்றன.

தோல் என்று வந்தபிறகு சுற்றுச்சூழல் பொறியியலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கல்லூரியில் அதை ‘கதை பேப்பர்’ என்பார்கள், கடைசி இரவில் படித்தாலே தேறலாம் என்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. நாடு முழுவதும் சட்ட வகுப்புகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி நடத்துகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வரிசையாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. குரோமியத்தை எப்படிப் பிரிப்பது, உப்பை என்ன செய்வது, மிஞ்சும் சேற்றை எங்கே எப்படிப் புதைப்பது என்று தெரிந்த ஆளுக்கு இங்கே வேலை உண்டு. தோல் பதனிடும் ஊர்களில் பிறந்த பிள்ளைகளே அந்தத் தாளை அலட்சியம் செய்வதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

எங்கே படிப்பது என்பதற்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யின் முதல் துறைகளில் சிவிலும் ஒன்று. அரசு பாலிடெக்னிக் தொரப்பாடியில். கவுன்சிலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது என 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடுவதால், சுமாரான மார்க்குக்கும் இப்போது சிவிலில் நல்ல இடம் கிடைக்கிறது. பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ, பிறகு நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. என்பது நான் வந்த வழி. மேஸ்திரி பாஷை பதினெட்டு வயதிலேயே காதில் விழுவது அதன் லாபம், கணிதத்தில் பின்தங்குவது நஷ்டம். தமிழ் வழியில் படிக்கவும் வாய்ப்பு உண்டு, அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழில் தொடங்கியது. விதித்தொகுப்புகள் மட்டும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும், அதை வாசிக்கும் அளவுக்குத் தயாராகிக்கொள்ள வேண்டும்.

மென்பொருளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆட்டோகேட் தெரிய வேண்டும், அது இன்று கையெழுத்து மாதிரி. ஸ்டாட், ஈடாப்ஸ், ரெவிட் எல்லாம் போகும் வேலையைப் பொறுத்தது. ஆறு சர்டிஃபிகேட்டோடு வரும் பையனிடம் 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் என்ன எடை என்று கேட்டால் முழிக்கிறான். விட்டத்தை இருமடியாக்கி 162-ஆல் வகுத்தால் வந்துவிடும், 0.89 கிலோ. கம்பி கட்டுகிறவர் இதை வாயாலேயே சொல்வார். அளவெடுப்பது, அதை எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் பிழையில்லாமல் எழுதுவது, எஸ்டிமேட் போடுவது, ஆட்டோ லெவல் வைத்து மட்டம் பார்ப்பது, இந்த நான்கும் கைவந்தவர் வேலையில்லாமல் நின்று நான் பார்த்ததில்லை.

அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பத் தேர்வுதான் பெரிய வாசல். உதவிப் பொறியாளராகப் பொதுப்பணி, நெடுஞ்சாலை, நீர்வளம், ஊரக வளர்ச்சி என்று போகலாம். பாடத்தாளோடு பொது அறிவும், 40 சதவீதம் எடுத்தே ஆக வேண்டிய தமிழ்த் தகுதிப் பகுதியும் உண்டு. பாடத்தில் மன்னனாக இருந்து தமிழில் தவறியவர்களும் இருக்கிறார்கள். நீர்வளத் துறை 2021-ல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. கேட் தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மார்க், அதில் 15 பொதுத் திறன். மேற்படிப்புக்கும் சில பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் அந்த மார்க் உதவும். டிப்ளமோக்காரர்களுக்கு எஸ்.எஸ்.சி., ரயில்வே இரண்டிலும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுகள் உண்டு. இந்த எல்லாத் தேர்விலும் நீரியல், நீர்ப்பாசனம், குடிநீர், கழிவுநீர், திரவ இயக்கவியல் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். கட்டமைப்புக் கணக்கையே கட்டிக்கொண்டு அழுபவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்று தெரியும்.

தனியார் பக்கம் தொடக்கச் சம்பளம் குறைவு. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடன் படித்தவன் ஐ.டி.யில் குளிர்சாதன அறையில் உட்காரும்போது நாம் ஷூவில் சிமெண்ட் ஒட்ட பஸ் ஏறுவோம். முதல் நான்கைந்து வருடம் அப்படித்தான், அதன் பிறகுதான் கோடு மேலே திரும்பும். சென்னை-பெங்களூரு விரைவுச்சாலை ராணிப்பேட்டை பக்கமாகப் போகிறது. 2019-ல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றான பிறகு புதிய இரண்டுக்கும் ஆட்சியர் அலுவலகம் முதற்கொண்டு கட்ட வேண்டியிருந்தது. வேலை இருக்கிறது, கணக்குத் தெரிந்த ஆள்தான் குறைவு. சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்கள் 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிட வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 முதல் சுயசான்று முறையிலேயே அனுமதி கிடைக்கிறது. அனுமதி சுலபமாகிவிட்டதால், மனை எங்கே இருக்கிறது என்று பார்க்கிற வேலை குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. லே-அவுட் வரைபடத்தோடு கிராம வரைபடத்தையும், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டையும் வைத்துப் பாருங்கள். ஓடை என்றோ, கோடி வாய்க்கால் என்றோ பழைய ஏட்டில் இருந்தால், மழை அந்த ஏட்டைத்தான் நம்பும்.

எங்கள் சின்ன ஆபீஸுக்கு வேலை கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். உங்கள் ஊர் ஏரி கோடி போனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பலர் போனை எடுக்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், கேள்வி விளையாட்டு என்று நினைத்து. போன வருடம் லத்தேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த ஒரு பெண் வந்தார். பயோடேட்டாவின் பின்பக்கத்தைத் திருப்பி, ஏரிக்கரை, மதகு, கலங்கல், கோடி வாய்க்கால், அது ரோட்டைக் கடக்கும் சிறு பாலமான கல்வெர்ட் என்று ஒவ்வொன்றாகப் பேனாவில் போட்டுக்கொண்டே வந்தார். கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கட்டம் வரைந்தார்.

“இது என்னம்மா?”

“எங்க வீடு சார். அந்த மழையில திண்ணை வரைக்கும் வந்துச்சு. கல்வெர்ட்டு பைப் சின்னதா போட்டுட்டாங்க, ரெண்டு அடியாவது பெருசா இருக்கணும்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாலிடெக்னிக்கில் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டாக அதையே எடுத்து, நீர்ப்பிடிப்புப் பரப்பை அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தாராம். திங்கட்கிழமை வரச் சொன்னேன்.